இரண்டாவது டிரைவில் அப்பா

என் லேப்டாப்பின் பேட்டரி பீரோவில் இருந்தது. அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில், பாலித்தீன் பையில் போட்டு, அதன்மேல் ஒரு பழைய துவர்த்துத் துண்டைச் சுற்றி வைத்திருந்தேன். எங்கள் கடற்கரையில் கல்ஃபிலிருந்து வந்த சாமான்களை அப்படித்தான் பேணுவோம். டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, மிக்ஸிக்குச் சட்டை, சோபாவுக்குக் கடைக்காரன் போட்டு அனுப்பிய கவர் தானாகக் கிழியும்வரை அப்படியே கிடக்கும். லேப்டாப்புக்கு என்ன செய்வது என்று யோசித்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டுவது என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அப்படிச் செய்தால் பேட்டரி தேயாதாம், எத்தனை வருடமானாலும் புதுசாகவே இருக்குமாம். முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எனக்குச் சொன்னது என் அண்ணன்.

"லேய், அந்த பேட்டரிய மொதல்ல கழத்தி உள்ள வை. இங்க எல்லாவனும் அப்படித்தான் செய்யான், கேட்டியா?" என்று போனில் சொன்னான்.

அங்கே எல்லோரும் அப்படிச் செய்யலாம். அங்கே கரண்ட் போவதில்லை.

அண்ணன் கல்ஃபில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் குடோனில் இருந்தான். வருகிற பெட்டிகளை இறக்கி, அடுக்கி, போகிற பெட்டிகளை ஏற்றிவிடுவது அவன் வேலை. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, நான் பார்த்த வேலையும் பெரிய கலெக்டர் உத்தியோகம் அல்ல. ஆனால் ஊரில் அவன் கம்ப்யூட்டர் என்ஜினீயர். லீவில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கெட்டுப்போன சி.பி.யூ.வைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அண்ணன் அதைத் திறந்து, தூசியை ஊதி, "ரேம் போச்சு" என்பான். எல்லா நோய்க்கும் அவனிடம் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் இருந்த ஸ்டுடியோக்காரர்கள் படங்களைத் தருவார்கள், வீட்டில் உட்கார்ந்து பக்கங்களாக ஆக்கிக் கொடுப்பேன். மாப்பிள்ளையின் கழுத்துக் கருப்பை எடுப்பது, கண்ணை மூடிவிட்ட தாய்மாமனுக்கு வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து வைப்பது, சண்டை போட்டுக்கொண்டு போன சித்தியைக் குடும்பப் படத்திலிருந்து நீக்குவது, சமாதானம் ஆனதும் திரும்பச் சேர்ப்பது. இதற்கு அப்பா உயிரோடு நன்றாக இருந்த காலத்தில் வைத்த பெயர் "மொகத்துக்கு வெள்ளையடிக்க வேல".

லேப்டாப்பும் அண்ணன் கொண்டுவந்ததுதான். அவன் கம்பெனியில் கழித்துக் கட்டியது. அதில் எஸ்.எஸ்.டி. என்கிற, தட்டு சுற்றாத, சத்தம் போடாத டிரைவ் ஒன்று இருந்தது. வேகம் நன்றாக இருக்கும், இடம்தான் கிடையாது. ஒரு கல்யாணத்தைப் போட்டால் மூச்சு முட்டும். புலம்பிப் புலம்பி, கடைசியில் அண்ணன் அதைவிடப் பெரிய இன்னொரு எஸ்.எஸ்.டி.யை லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். சோப்புக் கட்டிகளுக்கும் பால்பவுடர் டின்னுக்கும் நடுவே அது வந்து சேர்ந்தது. சி.டி. போடும் பகுதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு தட்டைச் செருகி, அதில் இந்த இரண்டாவது டிரைவை வைக்க வேண்டும். நானே செய்தேன். லேப்டாப் உடனே அதைக் கண்டுகொண்டது. அன்று அண்ணன்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்பா அப்போது கட்டிலில் இருந்தார். கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். அவர் குரல் எழுந்தால் அலைச் சத்தம் அடங்கும் என்று சொல்வார்கள், அது சும்மா சொல்வது, ஆனால் கூட்டம் அடங்கியது உண்மை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், என் வீட்டு முன்னறையில் வருடக்கணக்கில் கிடந்தார். அம்மா முன்னமே போய்விட்டாள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மற்றதெல்லாம் நானும் என் மனைவியும். ஆல்பம் வேலையின் ஒரே சௌகரியம் அதுதான், கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் இறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில், அதைத் திருப்பித் தர வேண்டிய அதிகாரி விடுமுறையில். போனில் நெடுநேரம் அழுதான். அழுகைக்கு நடுவில் சொன்னான்: "ஒண்ணு விடாத வீடியோ எடுக்கச் சொல்லு மக்கா. ஆரெல்லாம் வந்தாங்க, எப்பிடி நடந்துது, எல்லாம் எனக்குப் பாக்கணும். பெறவு நீ ஒண்ணையும் வெட்டப்பிடாது. எடுத்தது எடுத்த மாதிரி இருக்கணும்."

சாவு வீட்டில் வீடியோ எடுப்பதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அது மந்திரிப்புக்கு, அதாவது அடக்க ஜெபத்துக்கு, பங்குச் சாமியாரைக் கூப்பிடுவது போல. வீட்டுக்கு ஒருவன் கல்ஃபில் இருக்கிறான், ஏதாவது ஒரு சாவுக்கு அவன் வர முடியாமல்தான் போகிறது, வந்து பார்க்க அவனுக்கு ஏதாவது வேண்டும். அதனால் வருகிறவர்களும் கேமரா இருக்கும் பக்கமாக நின்றுதான் அழுவார்கள். வேறொரு வீட்டில் ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "மக்கா, நான் அழுதது வந்துட்டா?" என்று கேமராக்காரனிடம் கேட்டதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வந்ததற்கு வேறு சாட்சி யார்?

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து முழுவதும் எடுத்தார். சில நாள் கழித்து நான் போய் எல்லாவற்றையும் என் இரண்டாவது டிரைவில் பதிந்துகொண்டேன். அடுத்த கல்யாணத்துக்குக் கேமராவின் மெமரி கார்டு வேண்டும் என்று அவர்கள் அதை அங்கேயே அழித்தார்கள். முதல் டிரைவில் இடமில்லை. ஆக, உலகத்தில் அப்பாவின் அடக்கம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. மேலும், பார்த்தால் கை சும்மா இராது, எங்காவது வெட்டத் தோன்றும். அண்ணன் வந்து பார்க்கட்டும், அவனோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். அத்தனை பெரிய கோப்பை எங்கள் ஊர் நெட்டில் அனுப்பவும் வழியில்லை.

அந்த வருடங்களில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. ஒரு மதியம், தோவாளைக் கல்யாண ஆல்பம் ஒன்றின் மாலை மாற்றும் பக்கத்தைச் செய்துகொண்டிருந்தேன். பட்டென்று திரை இருண்டது. இதற்கு முன்பும் அப்படிப் பலமுறை ஆகியிருக்கிறது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. போய் ஒரு தேயிலை குடித்துவிட்டு வந்தேன். கரண்ட் வந்ததும் போட்டேன். விண்டோஸ் வந்தது. முதல் டிரைவ் வந்தது. இரண்டாவது டிரைவ் வரவில்லை.

அணைத்துப் போட்டேன். மீண்டும் அணைத்துப் போட்டேன். டிரைவ்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் இடம் விண்டோஸுக்குள் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால், பெயரும் அளவும் இல்லாமல் ஏதோ ஒன்று இருப்பதாகச் சொல்லி, "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று கேட்டது. இதில் ஒன்றுமே இல்லை, வெற்று டிரைவாக நினைத்துப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று அர்த்தம். சரி என்பதற்கான பொத்தான்மேல் அம்புக்குறி தானாகவே போய் நின்றது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அடுத்த முறை போட்டபோது அந்தக் கேள்வியும் இல்லை. டிரைவ் இருந்த சுவடே இல்லை.

அண்ணன் அனுப்பிய டிரைவ் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊரில் கல்ஃப் சாமான் கெடாது. கெட்டால் அது நம் கையின் குற்றம், நம் தண்ணீரின் குற்றம், உப்புக் காற்றின் குற்றம். அதனால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும் என்று டிரைவின் செப்பு முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். நாகர்கோவில் போய் வேறு தட்டு வாங்கி வந்து மாற்றினேன். பழைய சி.டி. பகுதியைத் திரும்ப மாட்டினேன், அது ஒழுங்காக வேலை செய்தது. முதல் டிரைவைக் கழற்றி இரண்டாவதின் இடத்தில் வைத்தேன், அங்கும் அது வந்தது. இரண்டாவதை முதலாவதின் இடத்தில் வைத்தேன். டிரைவே இல்லை என்று லேப்டாப் சொல்லிவிட்டது. சந்தேகப்பட வேறு எதுவும் மிச்சமில்லை.

சர்வீஸ் கடைக்காரர் தன் மிஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "செத்துப் போச்சுண்ணே. பழைய ஹார்டு டிஸ்க்குன்னா டக்கு டக்குன்னு ஒரு சத்தமாவது வரும். இதுல ஒரு அனக்கமும் இல்ல. மெட்ராசுக்கு அனுப்பிப் பாக்கலாம். கிட்டுனா கிட்டும். உள்ள என்ன கெடக்கு?"

"அப்பாக்க அடக்கம்" என்றேன்.

அவர் டிரைவை ஒரு துணியில் துடைத்துத் திருப்பித் தந்தார்.

அண்ணனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "நல்லா நடந்துதா? கூட்டம் உண்டா? சும்மா சொல்லப்பிடாது, நான் வீடியோவுல பாப்பேன்" என்பான். மணி அடித்தது முதல் மண் போட்டது வரை எத்தனை முறை சொன்னாலும், கடைசியில் அதையேதான் சொல்வான், வீடியோவில் பார்க்கிறேன் என்று. நான் சொல்வதெல்லாம் ஒரு முன்னோட்டம் போல அவனுக்கு.

டிரைவ் வரவில்லை என்றதும் எந்த டிரைவ் என்று கேட்டான். பிறகு, "அதுக்கு வாரண்டி உண்டும்டே. ஆள் கையில இங்க குடுத்துவிடு. புதுசு மாத்தித் தருவான்" என்றான்.

"உள்ள உள்ளது?"

"உள்ள உள்ளதுக்கு அவன் எப்பிடிடே வாரண்டி குடுப்பான்?" என்று சிரித்தான். சிரித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் மாறியது. "நீ என்ன செய்த அதுல? எனக்க டிரைவு கெடாது. நான் பெட்டி சீல் பொட்டாத குடுத்துவிட்டது."

அடுத்த வாரம் வேறு மாதிரிப் பேசினான். யாரோ ஓதியிருந்தார்கள். யாரோ என்ன, மதினிதான். அண்ணன் கொட்டாரத்தில் புது வீடு கட்டி மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே வைத்திருந்தான். "கேமராக்காரன் வந்தான், செரி. வீடியோ ஒண்ணும் பதியலன்னா பதியலன்னு சொல்லு மக்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஒனக்கும் அன்னைக்கு வெப்ராளமா, ஒண்ணும் ஓடாம இருந்திருக்கும். அதுக்கு டிரைவு போச்சு, கரண்டு போச்சுன்னு எதுக்கு கதை?" என்றான். நிதானமாக, பெருந்தன்மையாகச் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு அந்தக் கறுப்புச் சில்லைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் பொட்டலம் அளவு கூட இல்லை. வருடக்கணக்கில் ஒரு மனிதனைத் தூக்கித் திருப்பிப் போட்டதற்கும், அவரைக் கொண்டுபோய் ஒழுங்காக அடக்கியதற்கும், என் பக்கம் இருந்த ஒரே பேச்சு அதற்குள் இருந்தது. அது எழுந்து பேசினால் நான் மகன். பேசாவிட்டால் நான் பொய்யன்.

மெட்ராசுக்கு அனுப்ப மனம் வரவில்லை. போன வழியே போய்விட்டால்? கரண்ட் இருக்கும் நேரத்தில் நெட்டில் தேடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அரைகுறை. எங்கோ வெளிநாட்டில் ஒருவருக்கு இதே போல ஆகியிருந்தது. இந்த மாதிரி டிரைவ்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் அறுந்தால், எதை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகுமாம். அப்போது அதனிடம் எதையும் கேட்கக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. கரண்டை மட்டும் கொடுத்து அரைமணி நேரம் சும்மா விட வேண்டும். அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அப்படியே. தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டு சில சமயம் எழுந்துவிடும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பலபேர் நன்றி சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பில் இதைச் செய்ய வழி, விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் என்னும் நீலத் திரையிலேயே அதை நிறுத்தி வைப்பது. இடையில் மட்டும் கரண்ட் போகக் கூடாது. போனால் உள்ளதும் போகும்.

இடையில் கரண்ட் போகக் கூடாது! எங்கள் ஊரில்!

அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. துவர்த்தை அவிழ்த்து, பாலித்தீனைப் பிரித்து, பேட்டரியை எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் பிள்ளைகளின் பென்சில் பெட்டி போலப் பளபளவென்று இருந்தது. மாட்டி, இரவெல்லாம் சார்ஜில் போட்டேன். ஒரு விளக்கும் எரியவில்லை. ஓட்டாமல் காலியாகவே வைத்திருந்தால் பேட்டரியும் செத்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். தேயாமல் இருக்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்தது, தேய்வதற்கு ஒன்றுமில்லாமல் கிடந்தது. பேட்டரி மட்டும் லேப்டாப்பில் இருந்திருந்தால் அன்று மதியம் கரண்ட் போனது அந்த டிரைவுக்குத் தெரிந்தே இருக்காது. இதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சொன்னால் நம்பப்போகிறானா?

எனக்குத் தெரிந்தவரையில் கரண்ட் போனாலும் ஃபேன் நிற்காத வீடு ஒன்றுதான் இருந்தது. அது கொட்டாரத்தில் அண்ணன் வீடு.

அந்த இன்வெர்ட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் கடைசிக் கோடையில், மதியத்தில் கரண்ட் போய் அவர் வியர்வையில் ஊறிக் கிடக்கும்போதெல்லாம், நானும் மனைவியும் மாறி மாறி விசிறுவோம். பேச முடியாதவர் கண்ணால் கூரையில் நின்றுபோன ஃபேனைக் காட்டுவார். மழை தொடங்கும்வரை மட்டும் அப்பா உங்கள் வீட்டில் இருக்கட்டுமே, நான் தினமும் வந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று மதினியிடம் கேட்டேன். "அய்யோ தம்பி, இங்க முழுக்க டைல்ஸ் இல்லியா? மாமா வழுக்கி விழுந்துட்டா ஆரு பதில் சொல்ல?" என்றாள். கட்டிலை விட்டு இறங்கவே முடியாதவர் எப்படி வழுக்கி விழுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் கொட்டாரம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கேள்வியை வாய்க்குள் கேட்டுப் பார்ப்பேன்.

அதே டைல்ஸ் தரையில், இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்குக்குப் பக்கத்தில், டிரைவைத் திரும்ப மாட்டிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தேன். நீலத் திரை. மதினி தேயிலை கொண்டுவந்து வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள். செய்வதற்கு எதுவுமில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம். நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. டி.வி. ஒரு கணம் கண் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்தது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. லேப்டாப் அசையவில்லை. அந்த ஃபேன் காற்று என்மேல் பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

முதல் அரைமணிக்குப் பிறகு ஒன்றுமில்லை. அணைத்தேன், பொறுத்தேன், மீண்டும் போட்டேன். அதன் பிறகும் ஒன்றுமில்லை. இன்னும் ஒருமுறை என்று அணைத்துப் போட்டபோது, டிரைவ்களின் பட்டியலில் முதலாவதற்குக் கீழே காலியாக இருந்த வரியில் ஒரு பெயர் நின்றது. என் இரண்டாவது டிரைவ். அளவும் சரியாக இருந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். மதினி ஓடிவந்தாள். விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாக, ஸ்டுடியோவிலிருந்து இரவல் வாங்கிப்போயிருந்த இன்னொரு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்தேன். கோப்புகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருப்பதை மதினி குனிந்து பார்த்தாள்.

"அப்ப வீடியோ பதிஞ்சது உள்ளதுதான் என்னா தம்பி?" என்றாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எத்தனையோ நாள் பட்ட பாட்டை ஒரு வார்த்தையில் இறக்கி வைக்க நினைத்தேன். "கெடச்சுட்டுண்ணே" என்றேன்.

"நான் சொன்னேன்லா, எனக்க டிரைவு கெடாதுன்னு" என்றான் அண்ணன்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. இனி அவன் பார்த்துக்கொள்வான். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எல்லாம் அதிலேயே இருக்கிறது, எடுத்தது எடுத்தபடி.

அண்ணன் லீவில் வந்த மறுநாள் சாயங்காலம் கொட்டாரம் வீட்டுக் கூடத்தில் பெரிய டி.வி.யில் லேப்டாப்பை இணைத்துப் போட்டேன். மதினி, பிள்ளைகள், மதினியின் அம்மா, கடற்கரையிலிருந்து வந்த இரண்டு அத்தைகள். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் டி.வி.க்கு நேராக உட்கார்ந்தான். நான் லேப்டாப் பக்கத்தில், எல்லோருக்கும் பின்னால் இருந்தேன். அப்பாவின் முகம் வந்ததும் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அது நடிப்பு இல்லை. அங்கே யாருமில்லாத ஊரில் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு நடுவே அவன் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறான். அவன் முதுகைப் பார்த்தபோது என் கசப்பெல்லாம் கொஞ்சம் இளகியது. பின்னால் இருந்தபடியே நானும் அழுதேன்.

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்க்கத் தொடங்கினான். நிறுத்தச் சொல்லி, பின்னால் போகச் சொல்லி, யார் யார் வந்தார்கள் என்று பார்த்தான். "சித்தப்பா வந்திருக்காரு பாத்தியா. பக்கத்து வீட்டுக்காரன் மாலை கொண்டு வரலியோ?" அத்தைகள் தாங்கள் அழும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் கேமரா அப்பாவின் முகத்துக்கு மிக அருகில் போனது. "நிறுத்து" என்றான். "அப்பாக்க மொகம் எவ்வளவு தெளிச்சமா இருக்கு. நல்லா ஷேவ் செய்து விட்டிருக்கு. ஆரு செய்தது?"

"சவப்பெட்டிக்காரன்மாருதான் செய்வாவ. இப்ப எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்றாள் மதினி.

அன்று விடியற்காலையில், ஐஸ் பெட்டியும் கேமராவும் வருவதற்கு முன்பு, வெந்நீர் வைத்து, உடம்பு விறைக்கும் முன் அவசர அவசரமாக, அவருடைய பழைய பிரஷ்ஷால் நுரை போட்டு நான் மழித்துவிட்டேன். கன்னம் இன்னும் சூடாக இருந்தது. தாடையைக் கட்டியதும் கண்ணை மூடியதும் என் கைதான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், "ம், போடு" என்றான்.

போட்டேன். படம் ஓட ஓட நானும் கவனிக்கத் தொடங்கினேன். ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அப்போது, வழி தெரியாமல் நின்ற சவப்பெட்டி வண்டியை அழைத்துவர நான் மெயின் ரோட்டுக்குப் போயிருந்தேன். சாமியார் மந்திரிக்கிறார், அப்போது நான் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்துகொண்டிருந்தேன். எல்லோரும் பெட்டியோடு நடந்து வருகிறார்கள், அப்போது நான் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஊறிய தண்ணீரை முழங்கால் சேற்றில் நின்று இறைத்துக்கொண்டிருந்தேன். கடைசி முத்தத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள், குனிகிறார்கள், அழுகிறார்கள். பெட்டியை இறக்கும்போது திரையின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள் தெரிந்தன, சேறு படிந்து. அவை என் கைகள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. படம் முடிந்தது.

கூடத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள். அத்தைகள் மூக்கைச் சிந்தினார்கள். அண்ணன் பின்னால் திரும்பினான்.

"நீ எங்கலே? இவ்வளவு நேரம் பாத்தேன். ஒரு எடத்துலயும் உன்னக் காணலியே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினியின் அம்மாகூட.

"நான் அப்பாக்க கூடத்தாம்ணே இருந்தேன்" என்றேன்.

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

"வீடியோல இல்லியே மக்கா" என்றான்.